ஒரு மணிப் புள்ளி

உக்காருங்க அண்ணாச்சி. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க. பூவும் பழமுமா வந்திருக்கீங்க, அதை அந்த ரிசீவர் மேல வைக்காதீங்க, சூட்டுக்கு வாடிரும். மேசை ஓரமா வைங்க.

மாரீஸ்வரியப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. டீக்கடையில கைகாட்டி விட்டாகளாக்கும். அப்படித்தான் விடுவாக. இந்தத் தெருவுல எந்த வீட்டு விசயம்னாலும் சௌந்தர் கேபிள்ல போய்க் கேளுங்கன்னுதான் சொல்வாக. உங்களுக்கு முன்னாடியும் ரெண்டு எடத்துலருந்து வந்தாக, ஒருத்தர் ராஜபாளையம் பக்கம், இன்னொருத்தர் எந்த ஊருன்னு மறந்துபோச்சு. எல்லாத்துக்கும் ஒரே பேச்சுதான். ஒரு சொல்லு கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். ஒரு பொம்பளப் பிள்ளை வாழ்க்கை பாருங்க, நம்ம வாயால கெட்டுச்சுன்னு நாளைக்கு ஒரு சொல் வந்துரக் கூடாது.

தம்பிக்கு ரெண்டாந்தாரமாவா? முதல் சம்சாரம் தவறிப்போச்சா, அடடா. கைப்பிள்ளை வேற. சரி. நாள் நல்லாருக்கு, நாலு வார்த்தை கேட்டுட்டு அப்படியே பந்தல்குடி பஸ் ஏறி அவுக அம்மா வீட்டுல பூ வச்சுட்டு வந்துரலாம்னு கிளம்பிட்டீங்க. நல்ல காரியத்துக்குப் போற மனுசன். உங்ககிட்ட மறைக்கப்படாது.

அந்தா, பக்கத்து மாடியில பெருசா வலை டிஷ் நிக்குதுல்ல, அதுதான் என்னோடது. தெருவுலயே உசந்த மாடி அதுதான்னு அங்க ஏத்தினேன். வீடு குருவம்மா வீடு. குருவம்மா மகன் காளிராஜ், மில்லுல மேஸ்திரி. அவன் கட்டிக்கிட்டு வந்ததுதான் இந்த மாரீஸ்வரி. வந்த புதுசுல நல்ல பிள்ளைதான், இல்லைங்கல. குனிஞ்ச தலை நிமிராது. என்னைப் பாத்தா அண்ணேன்னு ஒதுங்கி நிக்கும். கல்யாணமாகி நாலு வருசம் ஆச்சு, மடி நிறையல. அதுதான் அந்த வீட்டுல குறை. பங்குனிப் பொங்கலுக்குள்ள ஒரு சேதி வரலைன்னா எம் மகனுக்கு வேற எடம் பாப்பேன்னு குருவம்மா கறாராச் சொல்லிருச்சு. தெருவுக்கே கேக்குற மாதிரித்தான் சொல்லும், அது குரல் அப்படி.

சாமி புண்ணியத்துல மாசி மாசம் நாள் தள்ளிப்போச்சு. குருவம்மாவுக்குக் கால் தரையில நிக்கல. வீடு வீடாக் கற்கண்டு குடுத்துச்சு. எங்க வீட்டுக்கும் வந்துச்சு, நானும் ஒரு துண்டு வாயில போட்டேன். எதுக்குச் சொல்றேன்னா, அந்தப் பிள்ளை மேல யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நல்லா வச்சிருந்தாக. அப்படி வச்சிருந்த எடத்துலதான் இப்படிப் பண்ணிட்டா.

இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் கவனிச்சுக் கேக்கணும், இது தொழில் விசயம். மேல சாட்டிலைட்டுலருந்து வர்ற சிக்னல் இங்க வந்து சேரும்போது எறும்பு மூச்சு அளவுதான் இருக்கும். அதைத்தான் டிஷ் வாரி ஒரு எடத்துல குவிக்கும். நடுவுல மூக்கு மாதிரி ஒண்ணு தொங்குதே, அதுக்குப் பேரு எல்.என்.பி. முதல்ல வாங்கிப் பெருக்குறது அதுதான். அது சுத்தமா இருக்கணும் அண்ணாச்சி. வாங்கும்போதே குப்பையோட சேத்து வாங்கிட்டா முடிஞ்சுச்சு சோலி. அதுக்கப்புறம் தெருத் தெருவா எத்தனை பூஸ்டர் போட்டாலும் குப்பையையும் சேத்துத்தான் பெருக்கும். பூஸ்டருக்குப் படம் எது, புள்ளி எதுன்னு தெரியாது. குடுத்ததைப் பெருசாக்கி அடுத்த வீட்டுக்கு அனுப்பத்தான் தெரியும். முதல்ல உக்காந்திருக்கிறவன் யோக்கியமா இருக்கணும், அம்புட்டுத்தான் இந்தத் தொழிலு. இது எல்லாக் கேபிள்காரனுக்கும் தெரியாது. நான் அனுபவத்துல படிச்சேன்.

பங்குனி பொறந்த கையோட ஒரு நா மத்தியானம் ஒரு மணிக்கு, சீரியல் ஓடிக்கிட்டிருக்கு, திடீர்னு படத்துல புள்ளி விழுந்துச்சு. மண்ணை வாரி எறிஞ்ச மாதிரி. இந்த ரூம்ல இருக்குற டிவியிலயும் அதே புள்ளிதான். சத்தம் இரையுது. கொஞ்ச நேரம் இருந்துட்டு தானாத் தெளிஞ்சுச்சு. மறுநாளும் அதே நேரம். அதுக்கு மறுநாள் இன்னும் கூட. பூஸ்டரைக் கூட்டி வச்சேன். படமும் கூடுச்சு, புள்ளியும் கூடுச்சு. தெருவே திரண்டு வந்துருச்சு. ஒரு மணி சீரியல்னா இங்க அடுப்புல பால் பொங்கினாலும் எந்திரிக்க மாட்டாக. அதுல குருவம்மா இருக்கே, அது அந்த சீரியலுக்காகவே உசிரை வச்சிருக்கிற மனுசி. நாளைக்குள்ள சரியாகலைன்னா உன் டிஷ்ஷைக் கழட்டித் தெருவுல போட்ருவேன்னு சொல்லிருச்சு. செய்யுற ஆளுதான். டிஷ் போனா என் பொழப்புப் போச்சு. பாத்துக்கங்க, யாருக்கு என்ன நஷ்டம்னு.

நான் சும்மா இருப்பேனா? மறுநா ஒரு மணிக்குப் புள்ளி விழுந்ததும் மாடிக்கு ஓடினேன். படியில எதுத்தாப்புல யாரு? மாரீஸ்வரி. மேல இருந்து இறங்குது. மொட்டை வெயில்ல, பங்குனி மாசத்துல, அந்நேரம் மாடியில ஒரு பொம்பளைக்கு என்ன வேலை? என்னைப் பாத்ததும் மூஞ்சி செத்துப் போச்சு. முந்தானைக்குள்ள கையை வச்சு எதையோ மறைக்குது. நான் ஒண்ணும் கேக்கல. மேல போயி டிஷ்ஷைச் சுத்தி வந்தேன், பின்பக்கம் கம்பிமேல ஒரு பழைய சேலை காயப் போட்டிருந்துச்சு. அப்ப அதைப் பெருசா நெனைக்கல. நான் கீழ வர்றதுக்கும் படம் தெளியிறதுக்கும் சரியா இருந்துச்சு. அதுதான் எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. அவ மேல போனா புள்ளி, இறங்கினா படம்.

அதுக்கடுத்த நா படியில நிறுத்திக் கேட்டேன், நாந்தான் கேக்கணும், எம் பொழப்பு. என்ன சொன்னா தெரியுமா?

"நான் உங்க சாமானைத் தொடலண்ணே. ரெண்டு நாளைக்கு மட்டும் மேல வராம இருங்கண்ணே, கும்புடுறேன்."

கையெடுத்துக் கும்புடுறா. ஒரு தப்பும் பண்ணாதவ எதுக்கு அண்ணாச்சி கும்புடணும்? ரெண்டு நா எதுக்கு? என் டிஷ்ஷுகிட்டயே என்னை வராதேங்கிறா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. ஆனாலும் அடக்கிக்கிட்டேன். நேரா குருவம்மாகிட்டப் போயி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன், ஒரு மணிக்கு உங்க மருமக மாடியில என்னம்மா பண்ணுதுன்னு. சத்தியமா அம்புட்டுத்தான். வேற ஒரு எழுத்துச் சொல்லல.

சாயங்காலம் டீக்கடைக்குப் போறேன், அந்த ஒரு வார்த்தை எப்படி வந்து நிக்குதுங்கிறீங்க. எதுத்த மாடிக்கு ஒருத்தன் வர்றானாம், கையில ஏதோ வயர்லெஸ்ஸு வச்சிருக்கானாம், அவனும் இவளும் பேசுறதுனாலதான் புள்ளி விழுதாம். எதுத்த மாடியில தண்ணித்தொட்டியைத் தவிர ஒண்ணும் கிடையாது, எனக்கே தெரியும். ஆனா நெருப்பில்லாமப் புகையுமா? இத்தனை பேரு சொல்றாகளே, இருந்தாலும் இருக்குமோன்னு எனக்கே தோணிருச்சு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கேட்டவுககிட்ட நான் இல்லைன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. நமக்கெதுக்கு.

நம்ம லோக்கல் சேனல்ல கீழ எழுத்து ஓட விடுவேன்ல, அதுல மட்டும் ஒரு வரி விட்டேன். மதியம் ஒரு மணிக்கு டிஷ் அருகே நடமாடுபவர் கவனத்திற்கு, ஒளிபரப்புக்கு இடைஞ்சல் செய்ய வேண்டாம்னு. பேரு போடல பாருங்க. நான் நெனைச்சிருந்தா பேரு போட்ருக்கலாம். ஒரு குடும்பத்து மானம்னு விட்டேன். இம்புட்டுப் பேரு வீட்டுலயும் ஓடுச்சு, காளிராஜ் மில்லு கேன்டீன்லயும் ஓடுச்சு. அவன் அன்னிக்கு லீவு போட்டுட்டு வந்துட்டான்.

மறுநா வெள்ளிக்கிழமை. ஒரு மணி. தெருவே குருவம்மா வாசல்ல நிக்குது. சொல்லி வச்ச மாதிரி புள்ளி விழுந்துச்சு. அன்னிக்கு மாரீஸ்வரியை மேல விடல, காளிராஜ் வாசப்படியில நிறுத்தி வச்சிருக்கான். ஆமா, அவ கீழதான் நின்னா. கீழ நின்னும் புள்ளி விழுந்துச்சு. அப்ப மேல ஏதோ சூது வச்சிருக்கான்னுதானே அர்த்தம்? நான் ஏறினேன். டிஷ்ஷுக்குப் பின்னாடி, அந்த எடம் எந்த மாடியிலருந்து பாத்தாலும் தெரியாது, அந்தப் பழைய சேலை விரிச்சுக் கிடக்கு. தூக்கிப் பாத்தேன். சேலைக்கு அடியில, கம்பிக்குக் கம்பி, கிழிச்ச துணி. பழைய வேட்டித் துணி, மடிச்சு மடிச்சு வரிசையாத் தொங்குது. துவைச்சதுதான், ஈரம் காயல. காயப்போடுறவ கொடியில போட வேண்டியதுதானே? எதுக்கு மேல சேலையைப் போட்டு மூடணும்? ஈரத்துணி சிக்னலைக் குடிச்சிரும்னு அவளுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்கான். போட்டிக் கேபிள்காரன் வேலையா இருக்கும்னு அப்பவே நெனைச்சேன்.

ஒரு துணியை எடுத்துக்கிட்டுக் கீழ வந்தேன். தெரு நடுவுல நின்னு ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சேன், எல்லாரும் பாக்கட்டும்னு. நடுவுல செம்மண் நிறத்துல கறை, துவைச்சும் போகாத கறை. துரு அண்ணாச்சி. என் டிஷ்ஷு போல்ட்டுத் துரு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பாத்துக்கங்கப்பா, என் டிஷ்ஷுல கட்டி வச்சிருந்தா, துரு ஒட்டியிருக்குன்னு சொன்னேன்.

ஒரு பொம்பள வாயைத் திறக்கலியே. அந்தத் தெருப் பொம்பளைக என்ன வாய் பேசுவாகன்னு உங்களுக்குத் தெரியாது. அம்புட்டுப் பேரும் கப்சிப். தையக்கார வீட்டம்மா தன் மகளை இழுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. ஒருத்தி முந்தானையால வாயைப் பொத்துறா. என் தொழில் அறிவு அப்படி வேலை செஞ்சிருக்கு. ஆம்பளைக ரெண்டு பேரு என்னப்பா அது, என்னப்பா அதுன்னு கிட்ட வந்து பாத்தாக. மாரீஸ்வரி சுவரோட சுவரா ஒட்டி நிக்குது. இப்பவாவது சொல்லு, இது எதுக்குடி உனக்குன்னு காளிராஜ் கேக்கான். தெருவே கேக்குது. வாயைத் திறக்கல அண்ணாச்சி. ஒரு பதில் சொல்லியிருந்தா நானே விட்ருப்பேன். சொல்லல. தப்பு இல்லாதவளா இருந்தா நாலு பேரு முன்னாடி விளக்கிச் சொல்லியிருக்க மாட்டாளா?

அப்பதான் குருவம்மா வந்து துணியைப் பாத்துச்சு. என்னையும் பாத்துச்சு, மருமகளையும் பாத்துச்சு. அந்த மாதிரி அது பேசி நான் கேட்டதில்ல, சத்தமே இல்லாம கேட்டுச்சு.

"அப்ப ஊருக்கெல்லாம் நான் கற்கண்டு குடுத்தது பொய்யாடி?"

கற்கண்டுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்னு எனக்கு இன்னி வரைக்கும் விளங்கல. கோவத்துல என்னமோ பேசுது. காளிராஜ் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுட்டு வீட்டுக்குள்ள போயிட்டான். அதுக்குள்ள என் வீட்டுக்காரி பூங்கொடி எங்கிருந்தோ ஓடி வந்து, என் கையில இருந்து அந்தத் துணியைப் பிடுங்கி மடியில சொருகிக்கிட்டா. சாட்சிப் பொருளை அண்ணாச்சி! அத்தனை பேரு முன்னாடி புருசன் கையில இருந்து பிடுங்குறா. அன்னிக்கு ராத்திரி சோறு வைக்கும்போது கேட்டா.

"அது என்னன்னு உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

கந்தல் துணி, வேற என்னன்னேன். என்னையே பாத்தா. பாத்துட்டு எந்திரிச்சுப் போனவதான். இந்நேரம் வரைக்கும் எனக்குச் சோத்தை வச்சுட்டுப் பின்வாசலுக்குப் போயிருவா, கூட உக்காந்து பேச மாட்டா. நான் வாங்கிட்டுப் போற பூவைத் தலையில வைக்க மாட்டா. டிவி பக்கமே வர்றதில்ல. கேபிள்காரன் பொண்டாட்டி டிவி பாக்க மாட்டாள்னா ஊர் சிரிக்காதா? அவளுக்கு அப்படி ஒரு வீம்பு. பொம்பளைகளுக்கு அடிக்கடி மனசு கெட்டுப்போகும், நான் கண்டுக்கிறதில்ல.

மாரீஸ்வரியை அன்னிக்கு மத்தியானமே ஒரு பையோட பஸ் ஏத்தி விட்டுட்டாக. கூட யாரும் போகல. நான் இந்த ரூம் வாசல்லதான் நின்னேன், என்னைத் தாண்டித்தான் போனா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. அந்த நெஞ்சழுத்தத்தைப் பாருங்க. மறுநாளே பாத்தேன், ஒரு மணிக்குப் புள்ளி லேசாத்தான் விழுந்துச்சு. அதுக்கும் மறுநா படம் கண்ணாடி. தெருவே வந்து எனக்குக் கை குடுத்துச்சு. டிஷ்ஷு இன்னிக்கு வரைக்கும் அங்கதான் நிக்குது.

காளிராஜுக்கு அப்புறம் வேற எடம் பாத்தாக. தானா அமைஞ்சுச்சு, எங்க அக்கா மகளையே குடுத்தோம். மூணு வருசமாகுது, அவளுக்கும் இன்னும் ஒண்ணும் தங்கல. டாக்டரு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வாங்கங்கிறாக, அவன் வரமாட்டேங்கான். குருவம்மா இவளையும் பேச ஆரம்பிச்சிருச்சு. இவ அப்படிப்பட்டவ இல்ல, நம்ம வீட்டுப் பிள்ளை. நான் விடுவேனா?

அட, பாருங்க. பேசிக்கிட்டிருக்கும்போதே டிவியில புள்ளி விழுது. பயப்படாதீங்க, செட்டை அடிக்க வேண்டாம், உக்காருங்க. இது சூரியன் அண்ணாச்சி. வருசத்துக்கு ரெண்டு தடவை, பங்குனி பொறக்கும்போதும் புரட்டாசியிலயும், சூரியன் நேரா அந்தச் சாட்டிலைட்டுக்குப் பின்னாடி வந்து நிக்கும். டிஷ்ஷு சிக்னலையும் வாங்கும், சூரியன் இரைச்சலையும் வாங்கும். சூரியன் இரைச்சலுக்கு முன்னாடி எறும்பு மூச்சு எம்மாத்திரம்? கொஞ்ச நேரம், கொஞ்ச நா, அப்புறம் அது பாட்டுக்கு நகண்டு போயிரும். யாரும் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. அந்த வருசம் புரட்டாசியில மறுபடி புள்ளி விழுந்தப்ப மதுரையிலருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டியாந்தேன், அவர்தான் விளக்கிச் சொன்னாரு. டிஷ்ஷுக்குப் பின்னாடி துணி காயப்போட்டா ஒரு மண்ணும் ஆகாதுன்னும் சொன்னாரு. அப்பலருந்து பங்குனி வந்தா நானே முன்கூட்டி எழுத்து ஓட விட்ருவேன், சூரியனால தடங்கல், பொறுத்துக்கொள்ளவும்னு. இப்பவும் ஓடுது பாருங்க, புள்ளிக்கு நடுவுல.

என்ன கேக்குறீங்க? அப்ப அன்னிக்கும் சூரியன்தானேன்னா?

அது வேற, இது வேற அண்ணாச்சி. சரி, சூரியன்னே வச்சுக்கங்க. அப்ப அவ ஏன் கும்புட்டா? துணியை ஏன் மூடி வச்சா? தெருவே கேட்டும் வாய் ஏன் வரல? இதுக்கு அந்த இன்ஜினியர்கிட்டயும் பதில் இல்ல. நான் குருவம்மாகிட்ட சூரிய விசயத்தைச் சொல்லலாம்னுதான் நெனைச்சேன். ஆனா அப்ப அக்கா மக கல்யாணம் பேசி முடிவாகிற நேரம். நல்ல காரியத்துக்கு நடுவுல பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? போனவ வரப்போறாளா?

நான் அந்தப் பிள்ளையக் கெட்டவள்னு ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லல. நடந்ததைச் சொன்னேன், முடிவு உங்க கையில. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போயித்தான் அம்மாவுக்குக் கஞ்சி ஊத்துறாளாம், அதையும் மறைக்கல. இந்தத் தடவையாவது அமையும்னு அவுக அம்மா வாசல் தெளிச்சுக் காத்திருக்கும்னு தரகர் சொன்னாரா? சொல்லியிருப்பாரு.

எந்திரிச்சிட்டீங்களே. ஆமாமா, நீங்க சொல்றது வாஸ்தவம். சூரியனோ சந்திரனோ, தெருவுல பேரு இழுபட்ட எடம் நமக்கெதுக்குங்கிறீங்க. அதுதான் பெரிய மனுசன் பேச்சு. உங்களுக்கு முன்னாடி வந்தவுகளும் இதையேதான் சொன்னாக. பந்தல்குடி பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நிக்கணும், உங்க ஊருக்குத் திரும்புறதுன்னா இந்தப் பக்கமே வரும். வெயில் தாழப் போங்க.

அண்ணாச்சி, பூவை மறந்துட்டீங்க. எனக்கா? எதுக்குங்க இதெல்லாம். சரி, திருப்பிக் கொண்டு போறதும் நல்லாருக்காது, குடுங்க. எங்க வீட்டுல அவ வைக்க மாட்டா. டிவி மேல சாமி படம் இருக்கு, அதுக்குப் போட்டுக்கிறேன்.

பாத்தீங்களா, படம் தெளிஞ்சிருச்சு.